ஊவா மலைப்பாதையில் டீசலின் கணக்கு

இலங்கையின் மலைநாட்டைக் காண விழைவோருள் பெரும்பாலோர் கண்டியையும் நுவரெலியாவையும் கண்ட அளவிலே மனநிறைவுற்றுத் திரும்பி விடுகின்றனர். அவற்றுக்கு அப்பால், மத்திய மலைத்தொடரின் முதுகைக் கடந்து கீழ்த்திசை நோக்கிச் சரிந்து செல்லும் ஊவா மாகாணத்தின் எழிலை அறிந்தவர் சிலரே. ஒருபுறம் பதுளை மாவட்டத்தின் தேயிலை மலைகள். மறுபுறம் மொனராகலை மாவட்டத்தின் வெப்பந் தகிக்கும் தாழ்நிலங்கள். இவ்விரண்டையும் இணைப்பவை மலையைச் சுற்றிச் சுற்றி ஏறியிறங்கும் நெடும்பாதைகள். ஆடி ஆவணி மாதங்களில் மேற்கே மழை கொட்டும்போது, இங்கே வறண்ட கச்சான் காற்று வீசும். அக்காற்றின் உபகாரத்தினாலேயே ஊவாத் தேயிலை தனக்கென ஒரு நறுமணத்தைப் பெற்று உலகச் சந்தையிலே பெயர் நாட்டியது.

ஆயின், இயற்கையெழிலை வருணிப்பது மாத்திரம் இக்கட்டுரையின் நோக்கமன்று. இம்மலைகளில் வாழும் மக்களுக்கு ஒவ்வொரு நாளும் எழுகின்ற கேள்வியொன்று உண்டு. கொழுந்து ஏற்றும் லொறிக்கும், மரக்கறி ஏற்றும் பட்டா வண்டிக்கும், நோயாளியை இரவோடிரவாக வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லும் கெப் வண்டிக்கும் வேண்டிய டீசலை எவ்வாறு சிக்கனமாகச் செலவிடுவது என்பதே அக்கேள்வி. அதற்கு விடை தேடும் பொருட்டு நாமும் நண்பர் இருவரும் ஒரு டீசல் கெப் வண்டியில் ஊவாவின் மலைகளை ஒருமுறை வலம் வந்தோம். பதுளையிற் புறப்பட்டு, பண்டாரவளை, அப்புத்தளை, கொஸ்லந்தை, வெல்லவாய, எல்ல ஆகிய ஊர்களைக் கடந்து மீண்டும் பதுளையை அடைவது நமது திட்டம். ஏறக்குறைய 130 கிலோமீற்றர் கொண்ட சுற்று அது.

பதுளை நகரிலே

பதுளை நகர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 680 மீற்றர் உயரத்தில், நமுனுகுலை மலையின் அடிவாரத்தில் அமைந்திருக்கிறது. பதுளு ஓயா எனும் ஆறு நகரை வளைத்து ஓடுகின்றது. முதியங்கனை விகாரையும் கதிர்காமத் தேவாலயமும் நகரின் நடுவே பழமையைப் பறைசாற்றி நிற்கின்றன. சந்தை நாளிலே பசறை, லுணுகலை, ஹாலிஎல முதலிய பக்கங்களிலிருந்து தோட்ட மக்கள் திரளாக வந்து கூடுவர். அவர்கள் பேசும் தமிழும் கடைவீதியின் சிங்களமும் ஒன்றோடொன்று கலந்து ஒலிக்கும் இனிய காட்சியை அங்கே காணலாம்.

புறப்படுமுன் எண்ணெய் நிலையத்தில் வண்டியின் தாங்கியை வாய்மட்டம் நிரப்பிக்கொண்டு, ஓடிய தூரத்தைக் காட்டும் மானியின் எண்ணை ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டோம். திரும்பி வந்ததும் அதே நிலையத்தில் மீண்டும் வாய்மட்டம் நிரப்ப வேண்டும். இரண்டாம் முறை எத்தனை லீற்றர் கொண்டதோ அதுவே பயணத்திற் செலவான டீசல். எடுத்துக்காட்டாக, 130 கிலோமீற்றருக்கு 13 லீற்றர் கொண்டதாயின், லீற்றர் ஒன்றுக்கு 10 கிலோமீற்றர் என்பது கணக்கு. கணக்கிடும் முறை இவ்வளவு எளியதே. ஆயினும் மலைநாட்டில் ஒரு விதியை மறத்தலாகாது. புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து அளத்தல் வேண்டும். பதுளையிலிருந்து பண்டாரவளைக்கு ஏறிச் சென்று அங்கே அளந்தால் வண்டி பெருந்தீனிக்காரன் போலத் தோன்றும்; பண்டாரவளையிலிருந்து இறங்கி வந்து பதுளையில் அளந்தாலோ அதே வண்டி உபவாசம் இருப்பதுபோலத் தோன்றும். இரண்டும் உண்மையல்ல.

ஏற்றத்தின் விலை

டீசல் எஞ்சினைக் கண்டவர் ஜெர்மானியரான ருடோல்ஃப் டீசல் என்பார். 1892 ஆம் ஆண்டில் அவர் அதற்கு உரிமை கோரி விண்ணப்பித்தார். 1897 ஆம் ஆண்டில் ஆக்ஸ்பர்க் நகரில் அது வெற்றியுடன் இயங்கிக் காட்டியது. பெற்றோல் எஞ்சினுக்கும் இதற்கும் உள்ள வேற்றுமையை மாணவர்கள் அறிந்துகொள்வது நலம். டீசல் எஞ்சின் முதலில் காற்றை மாத்திரமே உள்ளிழுத்து, அதனைப் பதினைந்து இருபது மடங்கு நெருக்குகின்றது. அந்நெருக்கத்தால் காற்று கடுஞ்சூடு அடைகின்றது. அச்சூட்டிலே டீசல் நுண்துளிகளாகத் தூவப்படுகையில், தீப்பொறி எதுவும் இன்றித் தானே பற்றிக்கொள்கின்றது. இவ்வளவு நெருக்கத்தில் எரிவதனாலேயே ஒரே அளவு எரிபொருளிலிருந்து பெற்றோல் எஞ்சினைவிட மிகுதியான வேலையை இது பெறுகின்றது.

இனி ஏற்றத்தைக் கணக்கிடுவோம். பதுளையினின்றும் பண்டாரவளை ஏறக்குறைய 550 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆட்களும் சுமையும் சேர்ந்து 2000 கிலோகிராம் நிறையுள்ள வண்டி ஒன்றை அவ்வளவு உயரம் தூக்குவதற்கு ஏறக்குறைய 11 மெகாஜூல் சக்தி வேண்டும். ஒரு லீற்றர் டீசலில் சுமார் 36 மெகாஜூல் அடங்கியுள்ளது. ஆனால் அதிற் பெரும்பகுதி புகையோடும் எஞ்சினின் வெப்பத்தோடும் வெளியேறிவிட, சக்கரத்துக்கு வந்து சேர்வது பத்தில் மூன்று பங்கு அளவே, அதாவது ஏறக்குறைய 11 மெகாஜூல். எனவே பதுளையிலிருந்து பண்டாரவளைக்கு ஏறும் ஒவ்வொரு முறையும், தரையில் ஓடுவதற்கு வேண்டிய டீசல் போக, உயரத்துக்கென்றே ஒரு லீற்றரை மலைக்குக் கொடுத்தாக வேண்டும். எத்துணைத் திறமை வாய்ந்த சாரதியும் இந்த ஒரு லீற்றரிலிருந்து தப்ப முடியாது.

இவ்வுண்மையை இருப்புப்பாதை அமைத்தோர் நன்கு உணர்ந்திருந்தனர். கொழும்பிலிருந்து வந்த பாதை 1894 ஆம் ஆண்டிலேயே பண்டாரவளையை எட்டிவிட்டது. ஆனால் அங்கிருந்து பதுளைக்கு இறங்குவதற்கு மேலும் 30 ஆண்டுகள் சென்றன. 1924 ஆம் ஆண்டிலேதான் புகைவண்டி பதுளையை அடைந்தது. 44 அடி தூரத்துக்கு 1 அடிக்கு மேல் ஏற்றம் இருக்கலாகாது என்பது மலைநாட்டுப் பாதையின் கட்டளை. எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே ஒன்பது வளைவுப் பாலத்தை 1921 ஆம் ஆண்டில் கட்டி முடித்தனர். தெமோதரையிலோ நிலம் திடீரெனத் தாழ்ந்துவிடுகின்றது. அங்கே பாதையை மலையைச் சுற்றி ஒரு வளையமாகக் கொண்டு சென்று, புகைவண்டி நிலையத்துக்கு நேர் கீழே குடைந்த சுரங்கத்தின் வழியாக வெளிப்படச் செய்தனர். கங்காணி ஒருவர் தமது தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக் கட்டுவதைக் கண்ட பொறியியலாளருக்கு இந்த யுக்தி தோன்றிற்று என்று இவ்வூரில் ஒரு கதை வழங்குகின்றது. கதை எவ்வாறாயினும், அதில் அமைந்த பாடம் பெரிது. பாதையை நீட்டினால் ஏறும் உயரம் குறைவதில்லை. செய்ய வேண்டிய வேலையும் குறைவதில்லை. ஆனால் ஒவ்வோர் அடியிலும் இழுக்க வேண்டிய விசை குறைகின்றது. எஞ்சின் திணறாமல் தனக்கு உகந்த வேகத்தில் வேலை செய்ய இயல்கின்றது. மலைப்பாதையில் டீசலை மிச்சப்படுத்துதல் என்பதும் பெரும்பாலும் இத்திணறலைத் தவிர்ப்பதே.

பண்டாரவளையிலிருந்து அப்புத்தளைக்கு

நம்முடைய சாரதி பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலே பல ஆண்டுகள் கொழுந்து லொறி ஓட்டிய அனுபவசாலி. அவர் வண்டி ஓட்டும் விதத்தை அருகிலிருந்து கவனித்தோம். ஏற்றத்தில் எஞ்சின் அலறவும் இல்லை, முனகவும் இல்லை. கெப் வண்டிகளிலுள்ள டீசல் எஞ்சின்களுக்குப் பெரும்பாலும் நிமிடத்துக்கு 1500 முதல் 2500 வரையான சுழற்சியிலே இழுவைத்திறன் நிரம்பியிருக்கும். அந்த எல்லைக்குள் நிற்கும்படி அவர் கியரை மாற்றிக்கொண்டு சென்றார். மேல் கியரிலேயே விடாப்பிடியாக நின்று மிதியை ஆழ அமுக்கும் சாரதிகள், கியர் மாற்றாததைச் சிக்கனம் என எண்ணுகின்றனர். அவ்வேளையில் குழாய்வழியே வெளியேறும் கரும்புகை, முற்றாக எரியாத டீசலேயன்றி வேறில்லை. பின்னாலே கரிய மேகத்தை விட்டுச் செல்லும் வண்டி, வாங்கிய டீசலில் ஒரு பங்கை வீதியிலே தூவிச் செல்கின்றது என்று கொள்ளலாம்.

அப்புத்தளை 1400 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ளது. அவ்வுயரத்திலே காற்று, கடற்கரைக் காற்றைவிட ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு அடர்த்தி குன்றியிருக்கும். காற்று குறைந்தால் எரிதலும் குறையும். காற்றை நெருக்கி ஊட்டும் டர்போ உள்ள எஞ்சின்கள் இக்குறையை ஓரளவு ஈடு செய்துகொள்கின்றன. அஃது இல்லாத பழைய எஞ்சின்களில், கொழும்பில் அமுக்கிய அளவே இங்கும் மிதியை அமுக்கினால் கரும்புகையே மிஞ்சும். மேலும், கச்சான் வீசும் மாதங்களில் தோட்டத்து மண்பாதைகளில் எழும் செம்புழுதி காற்று வடிகட்டியை அடைத்துவிடுகின்றது. ஏற்கெனவே காற்றுக் குறைந்த இடத்தில் மூக்கையும் அடைத்துக்கொண்டு ஓடுவதற்கு இது ஒப்பாகும். அம்மாதங்களில் வடிகட்டியை அடிக்கடி கழற்றிப் பார்த்துத் துப்புரவு செய்வது, தேவையாயின் மாற்றுவது, சிறு செலவில் பெரும் பயன் தரும்.

டயரின் காற்றும் அவ்வாறே. காற்றுக் குறைந்த டயர் தரையில் நசிந்து உருள்கையில், அந்நசிவே டீசலைத் தின்கின்றது. எவ்வளவு காற்று வேண்டும் என்பதனைச் சாரதியின் கதவருகே ஒட்டப்பட்டுள்ள சீட்டிலே வண்டி செய்தோரே குறித்துள்ளனர். காலையில், டயர் சூடேறுமுன் அளந்து பார்ப்பதே முறையாகும். இன்னொன்று: வளைவை நெருங்கும்வரை விரைந்து சென்று, பின்னர் பிரேக்கை அழுத்துவது பலருக்கும் வழக்கம். பிரேக்கில் மாய்ந்த வேகம் முழுவதும் சற்றுமுன் டீசல் கொடுத்து வாங்கிய வேகமே. முன்னே வளைவு வருவதைக் கண்டவுடன் மிதியிலிருந்து காலை எடுப்பவர் அந்த விலையைக் கொடுப்பதில்லை.

கொழுந்தும் தண்ணீரும்

அப்புத்தளையிலிருந்து கிளைவழி ஒன்று தம்பேதென்ன தேயிலைத் தோட்டத்துக்குச் செல்கின்றது. தாமஸ் லிப்டன் 1890 ஆம் ஆண்டில் இங்கே வந்து தோட்டங்களை வாங்கித் தொழிற்சாலையும் அமைத்தார். தொழிற்சாலையைத் தோட்ட மக்கள் இன்றும் இஸ்டோர் என்றே அழைக்கின்றனர். மலையுச்சியிற் பறித்த கொழுந்தை மூட்டைகளாகக் கட்டி, கம்பிவழியே சறுக்கி இறக்கும் முறை அக்காலத்தில் மலைநாட்டுத் தோட்டங்கள் பலவற்றில் இருந்தது. பூமியின் ஈர்ப்பே அங்கே கூலி வாங்காத எஞ்சினாய் வேலை செய்தது. இன்று அவ்வேலையை லொறிகளும் டிராக்டர்களும் செய்கின்றன.

இவ்விடத்தில் வாசகர்கள் ஒரு விந்தையைச் சிந்தித்தல் வேண்டும். ஒரு கிலோகிராம் தேயிலைத் தூள் செய்வதற்கு நாலரை முதல் ஐந்து கிலோகிராம் வரை பச்சைக் கொழுந்து வேண்டும். எஞ்சியது யாவும் தண்ணீரே. ஆகவே, 1000 கிலோகிராம் கொழுந்து ஏற்றிச் செல்லும் லொறி, உண்மையில் முக்கால் தொன்னுக்கு மேற்பட்ட தண்ணீரைச் சுமந்து செல்கின்றது. அத்தண்ணீர் தொழிற்சாலையின் வாட்டு தொட்டியிலும் உலர்த்தியிலும் ஆவியாய்ப் போய்விடும். மழைநாளிலோ இலைமேல் ஒட்டிய நீரும் சேர்ந்துகொள்ளும். கொழுந்து வாடுமுன், நசியாமல் வந்து சேர வேண்டும் என்ற கட்டாயம் இருப்பதால் இச்சுமையை முற்றாகத் தவிர்க்க இயலாது. ஆனால் நிறுவை நடக்கும் கொழுந்து மடுவத்தில் லொறி எஞ்சினை இயக்கியபடியே காத்து நிற்பதைத் தவிர்க்கலாம். நின்ற இடத்தில் வீணே சுழலும் எஞ்சின் மணிக்கு அரை லீற்றர் முதல் ஒரு லீற்றர் வரை டீசலைக் குடிக்கும். பாதிச் சுமையுடன் இருமுறை செல்வதைவிட, நேரத்தை ஒழுங்கு செய்து நிறைந்த சுமையுடன் ஒருமுறை செல்வதும் நன்று. இரண்டாம் பயணத்தில் வெறும் வண்டியின் நிறையை மலை மீது தூக்கும் டீசலாவது மிஞ்சும்.

வீட்டு வண்டி வைத்திருப்போருக்கும் இது பொருந்தும். கெப் வண்டியின் பின்தட்டில் பழைய இரும்பும், தேவையற்ற கற்களும், மழையில் நனைந்த சாக்குகளுமாக 100 கிலோகிராம் கிடந்தால், பதுளையிலிருந்து பண்டாரவளை வரை அதனைத் தூக்க ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 50 மில்லிலீற்றர் டீசல் செல்லும். நாள்தோறும் ஏறுபவருக்கு ஒரு மாதத்தில் அது ஒன்றரை லீற்றர் ஆகிவிடும்.

இறக்கத்திலே ஒரு மாயை

அப்புத்தளையிலிருந்து பெரகலை வழியாகக் கொஸ்லந்தை நோக்கி இறங்கும் பாதையில் தென்திசை முழுவதும் கண்ணுக்குப் புலனாகின்றது. கீழே தாழ்நிலம் பசிய கடல்போலப் பரந்து கிடக்கின்றது. கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தையில், 2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் 29 ஆம் திகதி காலையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அப்பெயரைக் கேட்டதும் வண்டியில் நாமனைவரும் சற்று நேரம் மௌனமானோம்.

இந்த இறக்கத்திலேதான் சிக்கனத்தின் பெயரால் நடக்கும் பெரும் பிழை ஒன்றைப் பற்றிப் பேச நேர்ந்தது. வண்டியை நியூட்ரலில் விட்டு, சிலர் எஞ்சினையே அணைத்துவிட்டு, இறக்கத்தில் உருளவிடும் வழக்கம் மலைநாட்டில் உண்டு.

"இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம் என்கிறார்களே, அண்ணே?" என்று நாம் வினவினோம்.

"மிச்சமாவுறது ஒண்ணுமில்லைங்க ஐயா. பிரேக்குதான் தேஞ்சு போவும்," என்றார் அவர், பாதையிலிருந்து கண்ணை எடுக்காமலே.

அவர் கூற்று அறிவியலுக்கும் ஒத்தது. வண்டி கியரில் இருக்க, சாரதி மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டால், உருளும் சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றுகின்றன. அப்பொழுது டீசலைத் தூவும் கருவி தன் வேலையை நிறுத்திக்கொள்கின்றது. இன்றைய மின்னணு எஞ்சின்களில் இது முற்றாக நிகழ்கின்றது. பழைய பம்ப் எஞ்சின்களிலும் கட்டுப்படுத்தும் கருவி டீசலை நிறுத்திவிடுகின்றது. நியூட்ரலிலோ சக்கரங்களுக்கும் எஞ்சினுக்கும் தொடர்பு அற்றுப்போவதால், எஞ்சின் அணைந்துவிடாமல் இருக்க டீசல் கொடுத்துக்கொண்டேயிருக்க வேண்டும். ஆகவே செங்குத்தான இறக்கத்தில் நியூட்ரல் டீசலை மிச்சப்படுத்துவதன்று, செலவழிப்பதே. சமதரையில் உருளவிட்டால் சற்றுத் தூரம் கூடுதலாகச் செல்லலாமன்றோ என்று கேட்கலாம். இங்கே ஒவ்வொரு வளைவிலும் அந்த வேகத்தைப் பிரேக்கால் கொன்றுவிட வேண்டியிருப்பதால் அவ்வாதமும் பொருந்தாது.

ஆபத்தையும் எண்ணிப் பார்ப்போம். அப்புத்தளையிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்கும் உயரம் ஏறக்குறைய 1200 மீற்றர். 2000 கிலோகிராம் வண்டி அவ்வளவு இறங்கும்போது வெளிப்படும் சக்தி, 75 லீற்றர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. அதில் ஒரு பங்கைக் காற்றும் டயரும் ஏற்றுக்கொள்ளும். எஞ்சியதை எஞ்சினும் பிரேக்கும் பகிர்ந்துகொள்ள வேண்டும். எஞ்சினை விலக்கிவிட்டால் சுமை முழுவதும் பிரேக்கின் தலையில் விழுகின்றது. அது மிகச் சூடேறினால் பிடிப்பை இழந்துவிடும். எஞ்சினையே அணைத்தாலோ கேடு இருமடங்கு: பிரேக்குக்கு உதவும் பம்ப் நின்றுபோக, இரண்டு மூன்று முறை மிதித்தபின் மிதி கல்லாய் இறுகிவிடும், திசைதிருப்பும் சக்கரமும் கனத்துவிடும். எந்தக் கியரில் ஒரு மலையை ஏறுவோமோ அந்தக் கியரிலேயே இறங்குதல் வேண்டும் என்பது பழைய சாரதிகளின் விதி. டீசல் எஞ்சின் இறக்கத்தில் பெற்றோல் எஞ்சின் அளவுக்கு வண்டியைத் தானாக இழுத்துப் பிடிப்பதில்லை. ஆதலின் கீழ்க் கியர் இன்னும் இன்றியமையாதது.

வெல்லவாயவிலிருந்து எல்லவுக்கு ஏறும் பாதையை அடைந்தபோது இதன் கனம் நன்கு புலப்பட்டது. 2025 ஆம் ஆண்டு செப்டெம்பர் 4 ஆம் திகதி இரவு இப்பாதையிலே ஒரு பேருந்து பள்ளத்தில் வீழ்ந்து 15 பேர் மாண்டனர். அவ்விபத்தின் காரணத்தை ஆராய்வது நம் பணியன்று. ஆனால் இத்தகைய பாதையில் பிரேக்கைக் காக்கும் ஒவ்வொரு பழக்கமும் உயிரைக் காப்பது என்பதை நினைவூட்டுதல் நம் கடமை.

2022 ஆம் ஆண்டின் பாடம்

ஒரு லீற்றர் டீசலுக்காக இவ்வளவு கணக்கும் வேண்டுமா என வினவுவோர் 2022 ஆம் ஆண்டை எண்ணிப் பார்க்கட்டும். 2021 ஆம் ஆண்டின் இறுதியில் லீற்றர் 121 ரூபாயாக இருந்த டீசல், 2022 மார்ச்சில் 176 ரூபாய், ஏப்பிரலில் 289 ரூபாய், மேயில் 400 ரூபாய் என ஏறி, யூன் மாத இறுதியில் 460 ரூபாயைத் தொட்டது. அவ்விலை கொடுக்கவும் பொருள் கிடைக்கவில்லை. எண்ணெய் நிலையங்களின் முன் வண்டிகள் நாட்கணக்கில் வரிசை கட்டி நின்றன. யூன் மாத இறுதியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மாத்திரமே எரிபொருள் என்று அறிவிக்கப்பட்டது. யூலையிலே அடையாளக் குறியீட்டுடன் கூடிய எரிபொருள் அனுமதி முறை வந்தது. தொடக்கத்தில் வான்களுக்கு வாரத்துக்கு 20 லீற்றரும் லொறிகளுக்கு 50 லீற்றருமே உரித்தாயின. அம்முறை 2023 செப்டெம்பரில் நீக்கப்பட்டது.

அந்நாளில் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம், 2021 ஆம் ஆண்டில் நிர்ணயிக்கப்பட்டபடி, 1000 ரூபாய். 460 ரூபாய் விலையில் இரண்டு லீற்றர் டீசல் 920 ரூபாய். நாள் முழுதும் மலைச்சரிவில் நின்று கொழுந்து பறித்த ஒரு பெண்ணின் கூலி, இரண்டு லீற்றர் டீசலுக்குச் சற்றே மேல்! வாரத்துக்கு 20 லீற்றர் பெறும் வண்டியின் சாரதி, நாம் மேலே கூறிய பழக்கங்களால் பத்தில் ஒரு பங்கைச் சேமித்தால், அந்த இரண்டு லீற்றர் கைக்கு வந்துவிடும். தோட்டத்தில் வண்டி என்பது வசதிக்காக மாத்திரம் வைத்திருக்கும் பொருளன்று. நள்ளிரவில் பிரசவ வேதனையுற்ற தாயைப் பதுளை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டி வந்தால், தாங்கியில் அந்த இரண்டு லீற்றர் இருக்கின்றதா இல்லையா என்பதே முதற் கேள்வியாகிவிடும்.

அக்காலத்தில் வேறொரு தீய வழியும் சிலரை ஈர்த்தது. டீசல் 400 ரூபாயைத் தாண்டிய வேளையில், மண்ணெண்ணெய் 87 ரூபாய் விலையிலேயே இருந்தது. 2022 ஓகஸ்ட் மாதத்திலேதான் அது 340 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இவ்விலை வேற்றுமையைக் கண்டு டீசலில் மண்ணெண்ணெய் கலந்தால் இலாபம் என எண்ணத் தோன்றும். டீசலுக்கு உள்ள வழவழப்பு மண்ணெண்ணெய்க்கு இல்லை. டீசலைத் தூவும் பம்பின் நுண்ணிய பாகங்கள் அவ்வழவழப்பையே நம்பி இயங்குகின்றன. அது குன்றினால் அவை ஒன்றோடொன்று உராய்ந்து தேய்ந்துவிடும்; பின்னர் கராஜிலே கொடுக்கும் பணம் சேமித்ததைப் பன்மடங்கு விழுங்கும். அன்றியும், லயத்து விளக்குக்கும் அடுப்புக்கும் உரிய எண்ணெயை வண்டிக்கு ஊற்றுவது அயலானின் இருளை விலைக்கு வாங்குவதை ஒக்கும்.

டீசல் குழாயில் மாட்டும் காந்தம், தாங்கியிலே போடும் மாத்திரை என இன்றும் கடைகளில் விற்பனையாகும் அற்புதப் பொருள்களைப் பற்றியும் ஒரு சொல். அமெரிக்க நாட்டின் சுற்றாடல் பாதுகாப்பு நிறுவனம் இத்தகைய எரிபொருள் சேமிப்புக் கருவிகளில் நூற்றுக்கு மேற்பட்டவற்றைச் சோதித்து, மிகச் சிலவே சிறு பயனாவது அளித்தன என்று கண்டது. வாங்குவதற்குமுன் குறிப்பேட்டைக் கேட்பதே புத்தி.

குறிப்பேட்டின் பயன்

எல்ல கடந்து மாலையில் பதுளைக்கு வந்து சேர்ந்தோம். புறப்பட்ட இடத்துக்கே திரும்பியதால், ஏறியதும் இறங்கியதும் சமம். ஆனாலும் அச்சுற்றிலே பதுளையிலிருந்து அப்புத்தளைக்கு 750 மீற்றரும், வெல்லவாயவிலிருந்து எல்லவுக்கு ஏறக்குறைய 800 மீற்றரும் ஏறியிருந்தோம். அவ்வேற்றங்களுக்கு மாத்திரம் மலை நம்மிடம் வாங்கிக்கொண்ட டீசல், முன்கூறிய கணக்கின்படி, மூன்று லீற்றருக்குச் சற்றுக் குறைவு. இறக்கத்தில் அது பணமாகத் திரும்பக் கிடைப்பதில்லை. கியரில் இறங்கினால் இறக்கத்துக்கு வேறு செலவில்லை என்பதே நாம் பெறும் சலுகை.

ஆதலின் வண்டி வைத்திருக்கும் குடும்பத்தாருக்கு நாம் கூறுவது இது. ஒரு குறிப்பேட்டையும் பென்சிலையும் வண்டியிலே வையுங்கள். ஒவ்வொரு முறை தாங்கியை நிரப்பும்போதும் திகதி, லீற்றர், மானியின் எண், ஏற்றிய சுமை ஆகியவற்றை எழுதுங்கள். பள்ளி செல்லும் பிள்ளைகளிடம் கணக்கை ஒப்படையுங்கள். பெருக்கலும் வகுத்தலும் அவர்களுக்குப் புத்தகத்துக்கு வெளியே பயன்படட்டும். கணக்கு திடீரெனச் சரிந்தால், டயரிலோ, காற்று வடிகட்டியிலோ, இறுகிப் பிடிக்கும் பிரேக்கிலோ நோய் இருக்கின்றது என்பதை எஞ்சின் பழுதாகுமுன்பே அது அறிவித்துவிடும்.

ஊவாவின் மலைகளில் நம் முன்னோர் கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு ஏறி இறங்கிய காலத்தில், ஒவ்வோர் இறாத்தல் நிறையும் அவர்களுடைய முதுகுக்குத் தெரிந்திருந்தது. இன்று அச்சுமையை எஞ்சின் சுமப்பதால் நாம் அதனை மறந்துவிட்டோம். குறிப்பேடு அதனை மீண்டும் நமக்கு நினைவூட்டும். சேமித்த டீசல், வேண்டிய இரவிலே வண்டியைப் பதுளைவரை கொண்டு சேர்க்கும்.